பாலிக் பூலாவுக்கு மைத்துனரை அழைத்துப் போன நாள்

பினாங்குக்கு வருகிறவர்களுக்கு ஊர் சுற்றிக் காட்டும் வேலை எங்கள் உறவில் எப்படியோ என் தலையில் வந்து விழுந்துவிட்டது. நான் அங்கேயே பிறந்தவன், துறைமுகத்தை ஒட்டிய ஒரு கிட்டங்கியில் கணக்கெழுதும் கிராணி, ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருப்பவன். இவ்வளவு தகுதி போதும் என்று நினைத்தார்களோ என்னவோ, கப்பலில் யார் வந்து இறங்கினாலும் மறுநாளே என் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றினார்கள்.

மற்றவர்கள் விருந்தாளிகளுக்குப் பாம்புக் கோயிலையும் மலை ரயிலையும் காட்டிவிட்டுக் கையை உதறிவிடுவார்கள். நான் பாலிக் பூலாவுக்கு அழைத்துப் போவேன். அது தீவின் மறுபக்கம். மலைத் தொடருக்குப் பின்னால் வயலும் தோப்பும் ஓடையுமாகக் கிடக்கிற பள்ளத்தாக்கு. அதைப் பார்க்க எனக்கென்று ஒரு முறை உண்டு. காலை ஆறு மணிக்குள் டவுனை விட்டுக் கிளம்ப வேண்டும். கணவாயில் பனி விலகுகிற நேரத்தில் அங்கே நிற்க வேண்டும். அதன் பிறகு சாதிக்காய்த் தோப்பு, டுரியான் குடில், மதியச் சாப்பாடு, கடைசியில் அருவி. வடக்குக் கடற்கரை வழியாகத் திரும்பினால் பொழுது சாய்வதற்குள் வீடு. இந்த வரிசையைக் கலைத்தால் ஏதாவது ஒன்று கெட்டுப்போகும் என்பது என் கட்சி.

இந்த வரிசையை என் மனைவியின் அண்ணன் கலைத்த மாதிரி வேறு யாரும் கலைத்ததில்லை.

அவர் வந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில், டுரியான் பருவத்தில். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. வயது நாற்பது இருக்கும். எந்த வெயிலிலும் கழற்றாத கறுப்புக் கோட்டு, கையில் குடை, கப்பலுக்கென்று வாங்கிய புது பூட்ஸ். பேச்சு குறைவு. பத்து நாள் அவரைக் கூட்டிக்கொண்டு அலைந்தேன், ஒரு தடவையாவது அவர் வியந்து வாயைப் பிளந்து நான் பார்க்கவில்லை. மலை ரயிலில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடற்கரையில் நின்றுகொண்டு, நம் ஊர்க் கடலும் இப்படித்தான் இருக்கும் என்றார். ஆனால் ஒன்று மட்டும் விடாமல் கேட்டார்.

"பாலிக் பூலாவுக்கு என்னைக்குப் போறோம் மாப்பிள்ளை?"

மூன்று முறை கேட்டார். கும்பகோணம் வரைக்கும் என் பள்ளத்தாக்கின் பெருமை போயிருக்கிறதே என்று நான் பூரித்துப் போனேன். இப்போது நினைத்தால் என் கன்னத்தில் நானே போட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு வாடகைக் காரைப் பேசினேன். ஓட்டுபவர் என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்த தமிழ் முஸ்லிம், என்னைவிட இரண்டு வயது இளையவர். என் மனைவி விடியும் முன்பே எழுந்து புளிச்சாதம் கட்டிக்கொடுத்தாள். கார் கிளம்பும்போது கதவருகே வந்து, "அண்ணனை அவசரப்படுத்தாதீங்க. அவர் எங்க நிக்கணும்ங்கறாரோ அங்க நில்லுங்க" என்றாள். ஊர் காட்டுவதில் எனக்கே பாடமா என்று எரிச்சல் வந்தது.

ஆறு மணிக்குக் கிளம்ப வேண்டியவர்கள் ஏழுக்குக் கிளம்பினோம். மைத்துனர் பூட்ஸ் கயிற்றை மூன்று முறை அவிழ்த்துக் கட்டினார். ஆயர் ஈத்தாமைத் தாண்டி மலைப்பாதையில் ஏறும்போதே பனி விலகிவிட்டது. கணவாயில் காரை நிறுத்தச் சொன்னேன். பனி இல்லாவிட்டாலும் அந்த இடம் அழகுதான். கீழே சரிவெல்லாம் கிராம்பு மரங்கள், அதற்கும் கீழே சதுரம் சதுரமாக வயல்கள், நடுநடுவே தென்னைக்குள் ஒளிந்த அத்தாப்பு ஓலைக் கூரைகள், எல்லாவற்றுக்கும் அப்பால் கடலின் ஒரு கீற்று. ஓட்டுநர்கூட எத்தனையோ தடவை பார்த்த இடம்தானே என்று உள்ளேயே இருக்காமல் இறங்கி வந்து நின்றார்.

மைத்துனர் கையைக் கண்ணுக்கு மேல் வைத்துப் பார்த்தார். "இதுல நம்ம ஜனங்க எந்தப் பக்கம் இருப்பாங்க?" என்றார்.

"எந்த ஜனங்க மச்சான்?"

"தோட்டங்கள்ல வேலை செய்யற நம்ம ஆளுங்க."

"அவங்க எல்லாப் பக்கமும் இருப்பாங்க. முதல்ல அந்தக் கடலைப் பாருங்க, தென்னைக்கு மேல தெரியுது பாருங்க."

"பாத்தாச்சு" என்று காரில் ஏறிக்கொண்டார். அவர் அந்தத் திசையிலேயே திரும்பவில்லை.

சாதிக்காய்த் தோப்பில் எனக்குத் தெரிந்த ஒரு சீனப் பெரியவர் இருந்தார். போனால் தானே ஒரு பழத்தைப் பறித்துக் கையில் கொடுப்பார். நான் அதைப் பிளந்து காட்டுவேன். வெளுத்த சதைக்குள் பளபளக்கிற பழுப்புக் கொட்டை, அதன் மேல் ரத்தச் சிவப்பில் வலை பின்னினாற்போல் சாதிபத்திரி. சமையலறையில் காய்ந்த சருகாக மட்டுமே அதைப் பார்த்தவர்கள் இதைக் கண்டால் ஒரு சத்தமாவது போடுவார்கள். நான் பிளந்து நீட்டினேன். மைத்துனர் வாங்கிக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார். பார்க்கவில்லை. அவர் கண் தோப்புக்குள் பழம் பொறுக்கிக்கொண்டிருந்த ஆட்கள் மேலேயே இருந்தது. நான் பெரியவரிடம் உடைந்த மலாயில் மன்னிப்புக் கேட்கிற மாதிரி ஏதோ பேசிவிட்டுத் திரும்பினால், இவர் கங்காணி வேலை பார்க்கும் மண்டோரைத் தனியாக அழைத்துப் போய் நின்று பேசிக்கொண்டிருந்தார்.

"என்ன கேட்டீங்க மச்சான்?"

"ஒண்ணுமில்ல. ஊர்க்காரங்க யாராச்சும் இருக்காங்களான்னு."

கடல் கடந்து வந்து, கப்பலில் குடல் வெளியே வரும்படி வாந்தியெடுத்து, இத்தனை அழகான இடத்தில் நின்றுகொண்டு, அவருக்குத் தேவைப்பட்டது கும்பகோணத்துக்காரன்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஓட்டுநர் என் காதருகில், "விடுங்கண்ணே, டுரியான் சாப்பிட்டா சரியாயிடுவாருலா" என்றார்.

டுரியான் குடில் ஒரு மலாய்க்காரருடையது. சரிவில் நாலு கால் நட்டு அத்தாப்பு வேய்ந்து, பழம் விழுகிற சத்தத்துக்காக அவர் நாள் முழுக்கக் காத்திருப்பார். விழுந்த கொஞ்ச நேரத்துக்குள் சாப்பிட வேண்டும். அதுதான் பாலிக் பூலாவுக்கு அந்த மாதத்தில் வருவதன் முழு அர்த்தமும். நான் மூன்று பழங்களைத் தட்டிப் பார்த்து, முகர்ந்து பார்த்து, ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். மைத்துனர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பத்தடி தள்ளிப் போனார். மலாய்க்காரர் பாராங் கத்தியால் ஒரே கீறலில் பழத்தைப் பிளந்தார். மஞ்சளாக, கசப்பும் இனிப்புமாக வெண்ணெய்போல் இருந்தது. ஒரு சுளையையாவது அவர் வாயில் போட்டுவிடுவது என்ற வைராக்கியத்தோடு கையில் எடுத்துக்கொண்டு திரும்பினேன்.

ஆளைக் காணோம்.

காருக்குள் ஓட்டுநர் தொப்பியை முகத்தில் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பினால் அவருக்கும் தெரியவில்லை. கூப்பிட்டுப் பார்த்தேன், மலைதான் திருப்பிக் கூப்பிட்டது. மலாய்க்காரர் கையை நீட்டி, குடை வைத்திருந்தவர் மேலே போகும் ஒற்றையடிப் பாதையில் போனதாகச் சொன்னார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகக்கூடாதா? சிறுநீர் கழிக்கப் போயிருந்தால் இவ்வளவு நேரமா? பாம்பு, அட்டை, சறுக்கல் என்று ஒன்றுமே அந்த மனிதருக்குத் தெரியாதே! என் மனைவிக்கு நான் என்ன பதில் சொல்வேன்?

ஈர மண்ணில் புது பூட்ஸின் தடம் தெளிவாக இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். கால் மணி நேரம் ஏறியிருப்பேன். வேட்டி முழுக்கச் சேறு, கணுக்காலில் இரண்டு அட்டை, விரல்களில் டுரியான் பிசுக்கு. அவரைக் கண்டதும் எப்படித் திட்டுவது என்று மனத்துக்குள் வாக்கியங்களை அடுக்கிக்கொண்டே போனேன்.

மேலே கிராம்புத் தோப்பின் விளிம்பில் ஒரு பலகை வீடு இருந்தது. முற்றத்தில் பாய்களில் சாதிக்காய் காய்ந்துகொண்டிருந்தது. வாசலில் ஒரு விசுப்பலகையில் மைத்துனர் குடையை இரண்டு கைகளாலும் ஊன்றிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். எதிரே கைலி கட்டிய, ஒல்லியான ஒரு மனிதர் நின்றிருந்தார். கதவருகே அவருடைய மனைவி, அவள் இடுப்பில் இரண்டு வயதுப் பெண் குழந்தை. அந்தத் தாயின் முகமெல்லாம் சிரிப்பு.

"மாப்பிள்ளை" என்றார் மைத்துனர்.

"என்ன மச்சான், சொல்லாம கொள்ளாம இப்படியா..." என்று ஆரம்பித்தேன்.

அவர் என்னைக் கூப்பிடவில்லை. அவர் பார்த்துக்கொண்டிருந்தது அந்த மனிதரை.

அந்த மனிதர் தலையைக் குனிந்துகொண்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் மைத்துனருக்கு இரண்டு தங்கைகள். இளையவள் என் மனைவி. மூத்தவளின் கணவர் ரங்கூனில் வேலையில் இருப்பதாகத்தான் எனக்குக் கல்யாணத்தின்போது சொன்னார்கள். ஊரார் கேட்டபோதெல்லாம் நானும் என் சகலை ரங்கூனில் இருக்கிறார் என்று சொல்லிவந்தேன். ஒரு தடவை ரங்கூனுக்குப் போன என் நண்பனிடம் அவரைப் பார்த்துவரச் சொல்லி விலாசம் கேட்டேன். வீடு மாறிவிட்டாராம் என்றாள் என் மனைவி. அந்த ரங்கூன்காரர் என் வீட்டிலிருந்து ஒரு மலை தாண்டி, பாயில் சாதிக்காயைப் புரட்டிக்கொண்டிருக்கிறார்! சாதிக்காய்த் தோப்பில் மைத்துனர் மண்டோரிடம் விசாரித்தது இவரைத்தான்.

அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் தெரியாது என்பது அவள் பேசியதிலேயே புரிந்துவிட்டது. "உக்காருங்கண்ணே. இவருக்கு ஊர்லேருந்து ஒரு ஆளும் வந்ததே இல்லலா. எனக்கு எவ்வளவு சந்தோசமா இருக்கு" என்றாள். அவள் இங்கேயே ஒரு தோட்டத்தில் பிறந்தவள். எங்களுக்குக் கோப்பி கலந்து கொண்டுவந்தாள். சர்க்கரையில் ஊறப்போட்ட சாதிக்காய்த் துண்டுகளை ஒரு பீங்கான் தட்டில் வைத்தாள். என் காலில் ரத்தம் வழிவதைப் பார்த்துவிட்டுச் சுண்ணாம்பு எடுத்துவந்து அட்டைகளின் மேல் தடவினாள். புருஷனைப் பற்றிப் பெருமையாக, "தோட்டத்துல எல்லாருக்கும் இவர்தான் ஊருக்குக் கடுதாசி எழுதிக் குடுப்பாரு. அவ்வளவு அழகா எழுதுவாரு" என்றாள்.

மைத்துனர் கோப்பிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

கொஞ்ச நேரத்தில், தோப்பைக் காட்டுகிறேன் என்று சொல்லி அந்த மனிதர் எங்களை ஓடைப் பக்கம் அழைத்துப் போனார். வீடு மறைந்ததும் நின்றார்.

"எட்டு வருஷம்" என்றார் மைத்துனர். "உயிரோட இருக்கியா இல்லையான்னு தெரியாம எட்டு வருஷம். உன் பெரியப்பாவும் சித்தப்பாவும் இந்த வருஷம் காரியம் பண்ணிடணும்ங்கறாங்க. ஒரு பொண்ணைச் சுமங்கலின்னும் சொல்ல முடியாம, விதவைன்னும் சொல்ல முடியாம..."

"மொதல் வருஷம் வேலை இல்ல மச்சான். எழுத வெக்கமா இருந்துச்சு. அப்புறம் காய்ச்சல்ல கிடந்தேன், இவதான் கஞ்சி ஊத்தினா. அப்புறம் எதை எழுதறது?" அவர் ஓடையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நான் செத்துப்போயிட்டதா எழுதிடுங்க. எல்லாருக்கும் நல்லது."

"எழுத எனக்கு ஒரு நிமிஷம் ஆகும். அவ பொட்டை அழிச்சு, வெள்ளைப் புடவை கட்டி மூலையில உக்காரணும். அதுக்கு நீ சரின்னு சொல்லு, எழுதறேன். உன் வாயால சொல்லு."

அவர் சொல்லவில்லை.

"உயிரோட இருக்கேன்னு உன் கைப்பட எழுதிக் குடு. வேற ஒண்ணும் வேணாம்" என்றார் மைத்துனர். சட்டைப் பையிலிருந்து ஒரு குறிப்புப் புத்தகத்தை எடுத்து ஒரு தாளைக் கிழித்தார். பென்சில் என்னிடம் இருந்தது. அந்த மனிதர் குந்தி உட்கார்ந்து, ஒரு பாறையின் மேல் தாளை வைத்து எழுதினார். உண்மையிலேயே அழகான கையெழுத்து. எழுதி முடித்ததும் மைத்துனர் படித்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

'சௌக்கியம். வர இயலாது. மன்னிக்கவும்.' கீழே கையொப்பம்.

காலையிலிருந்து எனக்குள் புகைந்துகொண்டிருந்ததெல்லாம் அந்த ஒரு வரியில் வெடித்துவிட்டது. "இவ்வளவுதானா? தோட்டத்து ஆளுங்களுக்கெல்லாம் பக்கம் பக்கமா எழுதறீங்க, அவங்களுக்கு ஒரு வரியா?" என்று கத்தினேன்.

அவர் முதல் தடவையாக என்னை ஏறிட்டுப் பார்த்தார். "நீங்க யாரு?"

"நான் உங்க சகலை!"

அதைக் கேட்டு அவர் என்ன நினைத்தாரோ தெரியாது. உட்கார்ந்திருந்தவர் எழுந்து நின்று, பழக்கத்தால் கையைக் குவித்துக் கும்பிட்டார். எனக்கும் பழக்கத்தால் கை எழுந்தது. சேறும் டுரியானும் பூசிய கையோடு நான் அவரைக் கும்பிட்டேன். அதை நினைத்து இன்றைக்கும் எனக்கு என் மேலேயே கோபம் வருகிறது. பிறகு அவர் தாளைத் திரும்ப வாங்கி, அடியில் இன்னும் ஒரு வரி எழுதினார்: 'உன் மேல் ஒரு குற்றமும் இல்லை.'

நாங்கள் கிளம்பும்போது அந்தப் பெண் ஊறுகாய் ஜாடி ஒன்றை என் கையில் திணித்தாள். "அடுத்த தடவை வீட்டு ஆளுங்களையும் கூட்டிட்டு வாங்க" என்றாள். நான் சரி என்றேன். வேறென்ன சொல்வது?

ஓட்டுநருக்கு ஒன்றும் தெரியாது. மைத்துனர் வழிதவறிவிட்டார் என்றுதான் நான் சொன்னேன். அதனால் அவர் என் வழக்கமான வரிசைப்படி அருவிக்குப் பக்கத்தில் காரை நிறுத்தி, "இறங்குங்கலா. இதைப் பார்க்காம போனா பாலிக் பூலாவுக்கு வந்ததே வீண்" என்று எங்களைக் கட்டாயப்படுத்தி இறக்கிவிட்டார். புளிச்சாதம் அப்படியே இருந்தது. மைத்துனர் பாறைகளில் இறங்கிப் போய், பூட்ஸோடு கணுக்காலளவு தண்ணீரில் நின்றுகொண்டு அருவியை அண்ணாந்து பார்த்தார். நாள் முழுக்க நான் கெஞ்சியும் பார்க்காதவர் அப்போது கால் மணி நேரம் இமை கொட்டாமல் பார்த்தார்.

நான் அவர் பக்கத்தில் போனேன். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மச்சான். பள்ளத்தாக்கு முழுக்க எனக்கு ஆள் தெரியும். ஒரே வாரத்துல கண்டுபிடிச்சிருப்பேன். எட்டு வருஷத்துல நாலு வருஷம் நான் இந்தக் குடும்பத்துல இருக்கேனே!"

"சொல்ல வாய் வரல மாப்பிள்ளை. எங்க ஊர்லேருந்து இங்க வந்து திரும்பினவன் ஒருத்தன், பாலிக் பூலாவுல அவனை மாதிரி ஒருத்தனைப் பாத்தேன்னான். அது நிச்சயமா தெரியாம உங்க காதுல போட்டு, நீங்க எங்களை என்ன நினைப்பீங்களோன்னு..."

"இப்ப என்ன நினைப்பேன்னு நினைக்கிறீங்க?"

அவர் அருவி இரைச்சலில் காது கேட்கவில்லை என்பது போல் முகத்தை வைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் என் மனைவி வாசலில் நின்றுகொண்டு என்னைப் பார்க்கவில்லை, அண்ணன் முகத்தைப் பார்த்தாள். அவர் ஆமாம் என்பதுபோல் தலையை மெல்ல அசைத்தார். அவளுக்கும் தெரியும்! புளிச்சாதம் கட்டிக்கொடுத்து, நில்லுங்கள் என்று அவர் சொல்கிற இடத்தில் நிற்கச் சொல்லி அனுப்பியவளுக்கு எல்லாம் தெரியும். கார் பேசியவன், வழி காட்டியவன், அட்டை கடிபட்டவன், எனக்கு மட்டும் ஒன்றும் தெரியாது.

அவர் குளிக்கப் போனதும் கேட்டேன்: "நாலு வருஷமா என்கிட்ட ரங்கூன் ரங்கூன்னு சொன்னியே?"

"கல்யாணத்தப்போ சொன்ன பொய். அப்புறம் எப்படி மாத்திச் சொல்றது? உங்க வீட்டுல தெரிஞ்சா, அக்காவை ஓடிப்போனவன் பொண்டாட்டின்னு பேசமாட்டாங்களா? நீங்க மட்டும் பேசாம இருந்திருப்பீங்களா?"

இருந்திருப்பேன் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் கல்யாணமான புதிதில் எனக்கு இது தெரிந்திருந்தால் எங்கே போய் எப்படிப் பேசியிருப்பேன் என்று எனக்கே தெரியும். அதற்கும் சேர்த்து அவள் மேல் கோபப்பட்டேன். இரண்டு நாள் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. நடுவில் மாட்டிக்கொண்ட மைத்துனர் இரண்டு பேரிடமும் வானிலையைப் பற்றிப் பேசினார்.

அடுத்த வாரக் கப்பலில் அவர் போய்விட்டார். கடிதம் கோட்டின் உள்பையில் இருந்தது. சில மாதங்கள் கழித்து என் மனைவிக்கு வந்த கடிதத்தில் விஷயம் தெரிந்தது. அண்ணன் கொடுத்த தாளை அக்கா படித்தாளாம். அன்று முழுக்கச் சமைத்துப் பரிமாறிவிட்டு, மறுநாள் காலையில், பிரசவம் பார்க்கிற படிப்புக்கு எங்கே மனுப் போடுவது என்று கேட்டாளாம். புருஷனின் பெரியப்பாவும் சித்தப்பாவும் வந்து சத்தம் போட்டபோது அந்தத் தாளை எடுத்து அவர்கள் முன்னால் வைத்தாளாம். அவர் கையெழுத்து அவர்களுக்குத் தெரியும். அதோடு காரியப் பேச்சு நின்றுபோயிற்று. அவள் படித்து, பக்கத்து டவுன் ஆஸ்பத்திரியில் வேலைக்குப் போனாள். பொட்டும் தாலியும் அப்படியே இருந்தன.

ஐந்தாறு வருஷம் கழித்து நானும் என் மனைவியும் ஊருக்குப் போனோம். அவளை அப்போதுதான் நான் சரியாகப் பார்த்துப் பேசினேன். வெள்ளை ரவிக்கை, கையில் கடிகாரம், வேகமான நடை. எங்களுக்குச் சாப்பாடு போட்டுவிட்டு, எல்லோரும் எழுந்து போன பிறகு என்னிடம் மட்டும் கேட்டாள்:

"அந்தப் பொண்ணு எப்படி?"

நான் எதிர்பார்க்கவில்லை. பொய் சொல்லத் தோன்றவில்லை. "நல்ல பொண்ணு. அட்டை கடிச்ச காலுக்குச் சுண்ணாம்பு தடவி விட்டுச்சு" என்றேன்.

அவள் எச்சில் இலைகளை மடித்து எடுத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போனாள். திரும்பி வந்தபோது, ராத்திரி ஒரு கேஸ் இருக்கிறது, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று கிளம்பிவிட்டாள்.

கப்பல் பிடிக்க ரயிலில் ஏறியதும் இதை என் மனைவியிடம் சொன்னேன். அவ்வளவுதான். "அதைப் போய்ச் சொல்வாங்களா? நல்ல பொண்ணாம், சுண்ணாம்பு தடவிச்சாம்! உங்களுக்கு வேற வார்த்தையே கிடைக்கலையா?" என்று நாகப்பட்டினம் வரைக்கும் திட்டிக்கொண்டே வந்தாள். என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று கேட்டேன். அது அவளுக்கும் தெரியவில்லை. கூஜாவை எடுத்துத் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தாள்.